கடைசி ஊர் முதலில்

அத்தியாயம் பதினொன்று

நான்கு நாளாக அப்பாவும் மகளும் ஒரே இடத்துக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் சேர்ந்து போவதில்லை.

அதற்கு முன்னால், போத்தனூர் வீட்டிலிருந்து உக்கடம் நூர் பார்சல் ஆபீஸ் வரைக்கும் ஐயாசாமியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துதான் கிருபா போவாள். வழியெல்லாம் பேச்சு. இப்போது அவர் ஏழு மணிக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவள் டவுன் பஸ்ஸில் கசங்கி எட்டரைக்குப் போய்ச் சேருகிறாள்.

"ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு என்ர உசுர எடுக்காதீங்க." அம்மா பூவாத்தாள் இன்றைக்குக் காலையிலும் இரண்டு தூக்குப்போசியில் ஒரே புளிசாதத்தை அடைத்துக் கொடுத்தாள். "சோறு ஒண்ணுதான். சண்டைய மட்டும் தனித்தனியாத் தின்னுக்குங்க."

சண்டைக்குக் காரணம் ஒரு தாள்.

முதலாளி யூனுஸ் பாய் கண் ஆபரேஷன் செய்துகொண்டு கோட்டைமேட்டு வீட்டில் படுத்ததிலிருந்து ஆபீஸ் மகன் ரியாஸ் கைக்கு வந்துவிட்டது. பம்பாயில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவன். அவன் பொறுப்பேற்ற மாதத்திலேயே கம்ப்யூட்டர் வந்தது. டிரைவர்களின் இடுப்புக்குப் பேஜர் வந்தது. போர்டில் 'பார்சல் ஆபீஸ்' அழிந்து 'லாஜிஸ்டிக்ஸ்' வந்தது. கம்ப்யூட்டரோடு கிருபாவும் வந்தாள். லோடு மேஸ்திரி ஐயாசாமியின் மகள் கண்ணாடி ரூமுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று, பதினான்கு லோடுமேன்களும் ஒரு வாரம் முழுக்க அந்தப் பக்கம் போகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

போன வெள்ளிக்கிழமை ரியாஸ் குடோன் சுவருக்கு வெள்ளையடித்தான். அந்தச் சுவரில் பதினெட்டு வருஷமாக ஐயாசாமியும் ஆட்களும் கரிக்கட்டியால் போட்ட அடையாளங்கள் இருந்தன. அவிநாசிக்கு ஒரு தேர், சென்னிமலைக்கு ஒரு குன்று, கொடுமுடிக்கு ஆற்று அலை. எந்த ஊர் மூட்டை எந்த அடையாளத்துக்குக் கீழே என்று படிக்கத் தெரியாதவர்களும் இருட்டில்கூடச் சொல்வார்கள்.

"இனிமேல் சுவரைப் பார்த்து லோடு ஏத்தறது கிடையாது. கம்ப்யூட்டர் தாளைப் பார்த்து, மேலிருந்து கீழா, ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஏத்துங்க," என்றான் ரியாஸ், எல்லோரும் நிற்கும்போதே. பிறகு ஐயாசாமியைப் பார்த்து, "உங்க தலையில இருக்கற கணக்கு எனக்கு வேண்டாம். கை போதும்," என்றான்.

ஐயாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க தம்பி," என்றார்.

அந்தத் தாளை அச்சடிப்பது கிருபா. அன்றிலிருந்து சைக்கிள் கேரியர் காலி.

*

செவ்வாய்க்கிழமை. ஐப்பசி மேகம் குறிச்சிக் குளத்து மேலே கறுத்துத் தொங்கியது.

வெள்ளையடித்த பிறகு பல ஊர்ச் சரக்கோடு கிளம்பப்போகிற முதல் வண்டி இதுதான்: ஈரோட்டு லைன் வண்டி பின்பக்கத்தைக் குடோனுக்குக் கொடுத்து நின்றது. அதை ஓட்டப்போகிறவன் கிருபாவின் அண்ணன் ஆல்வின். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். போகிற வழியில் ஐந்து ஊர். முதலில் அவிநாசி, கடைசியில் கொடுமுடி. தாளிலும் அப்படித்தான்: அவிநாசி ஒன்று, கொடுமுடி ஐந்து.

கிருபா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். லோடுமேன்களில் படிக்கத் தெரிந்த திருமலைசாமி தாளைப் பிடித்துக்கொண்டு "ஒண்ணாம் நம்பர்!" என்று கத்துகிறார். ஆட்கள் அவிநாசிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள், டிரைவர் கேபினை ஒட்டிய ஆழத்துக்குப் போகிறார்கள்.

அவள் தன் தாளின் நகலை எடுத்துப் பார்த்தாள்.

முதலில் ஏற்றினால் உள்ளே போய்விடும். முதல் ஊரில் இறங்கவேண்டிய சரக்கு எல்லாவற்றுக்கும் பின்னால் சிக்கிக்கொள்ளும். கடைசி ஊர்ச் சரக்கைத்தான் முதலில் ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்பா தாளைக் கையில் வைத்துக்கொண்டு தன் போக்கில் சரியாக ஏற்றிவிட்டு, பிறகுதான் டிக் போடுவார். அதனால் யாருக்கும் தெரியவில்லை. தாள் வண்டிக்காரனுக்குப் போட்டது. லோடு ஏற்றுகிறவனுக்கு அது தலைகீழ்.

அவள் எழுந்து ஓடினாள்.

"அப்பா."

"சொல்லுங்க மேடம்," என்றார் ஐயாசாமி. வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த மேடம் வேறு.

"ஒண்ணாம் நம்பர் மொதல்ல ஏறுதுங்கப்பா."

"தாள்லயும் ஒண்ணாம் நம்பர் மொதல்லதானுங்களே இருக்குது."

"அது எறக்கற வரிசை. ஏத்தறது அப்படியே திருப்பி. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சதெல்லாம் என்ர தலையில இருந்துச்சு. அது வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்த கைகள். "கை போதுமாமா. இந்தா, கை வேலை செய்யுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கிருபாவுக்குக் காது சுட்டது.

"அண்ணன் ஓட்டற வண்டிங்கப்பா."

"ஆல்வின் என்ர பையன். தாங்குவான்."

"என்ர தாளுங்கப்பா!"

ஐயாசாமி ஒரு நொடி அவளைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர் அவர். மடை எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொன்னதற்காக, 'சொன்னதச் செய்யி, யோசனை சொல்லாதே' என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர். அன்றைக்கே மம்மட்டியை வரப்பில் நட்டுவிட்டுக் கோயமுத்தூருக்கு நடந்தே வந்ததாக ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அந்த மம்மட்டியை இன்றைக்கு மறுபடி நட்டுக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததனால் கோபம் குறையவில்லை.

"நேரமாவுது மேடம். ரெண்டாம் நம்பர் சொல்லுங்க திருமலைசாமி."

அவள் ரியாஸின் அறைக்குப் போனாள். அவன் போனில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தான். பம்பாயிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர்கள் வியாழக்கிழமை வந்து குடோனைப் பார்க்கப்போகிறார்கள். பிடித்துவிட்டால் தமிழ்நாடு முழுக்க அவர்கள் சரக்கு நூர் வண்டிகளில்தான் போகும். ஒரு வாரமாக ரியாஸ் தூங்கவில்லை என்று அவன் கண்ணே சொன்னது.

"சார், ஈரோட்டு லோடு..."

ரிசீவரைக் கையால் மூடினான். "தாள்ல இருக்கறபடிதானே ஏறுது?"

"ஆமாங்க சார், ஆனா..."

"அப்புறம் என்ன கிருபா? ப்ளீஸ்."

ஒன்பதரைக்கு வண்டி கிளம்பியது. ஆல்வின் வெளியேறும்போது தங்கச்சிக்கு ஆரன் அடித்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. டிரைவர் பின்கதவைத் திறந்து பார்ப்பது முதல் ஊரில்தான்.

*

பதினொன்றே காலுக்குப் போன் வந்தது. அதற்கு முன்னால் ரியாஸ் இரண்டு தடவை பேஜரில் செய்தி அனுப்பிப் பார்த்துவிட்டான்; பதில் இல்லை.

"ஏம்புள்ள, கிருபா? அவிநாசியிலருந்து பேசறேன், எஸ்.டி.டி. பூத்து. அந்தப் பேஜர் கணியூர் தாண்டுனதும் பொட்டுன்னு செத்துப்போச்சு."

"அண்ணா..."

"ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. இந்த லோடு ஏத்துனது நம்ம அப்பன்தானா, இல்ல அப்பன் மாதிரி வேஷம் போட்டுட்டு வேற எவனாச்சுமா?"

கிருபா கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தாள்.

"அஞ்சு பொட்டி எறக்கோணும். அஞ்சு பொட்டிக்காக நூத்தித் தொண்ணூறு உருப்படிய ரோட்டுல எறக்கி வச்சிருக்கறேன். நானும் நம்ம கிளீனர் சின்னானும். அந்த மனுசனுக்கு அம்பது வயசு, முதுகு புடிச்சுக்கிச்சு. கூட்டம் கூடிப்போச்சு. ஒரு அம்மா வந்து, ஏங் கண்ணு இங்க சந்தை போடறீங்களா, செவ்வாக்கிழமைல எப்பருந்துன்னு கேக்குது."

"மழைங்களா?"

"தூறிட்டுத்தான் இருக்குது. தார்ப்பாய் பத்தல." ஆல்வினின் குரலிலிருந்து விளையாட்டு போய்விட்டது. "சென்னிமலைச் சொசைட்டி நூலு. செவப்புச் சாயம் போட்டது. ரெண்டு பேல் கட்டு நனைஞ்சு போச்சு கிருபா. ரோட்டுல செவப்பா ஓடுது. பாக்கறவனெல்லாம் ஏதோ அடிபட்டுக் கெடக்குதுன்னு ஓடி வாரான். அங்க தறிக்காரங்க காலையிலருந்து நூலுக்குக் காத்துட்டு இருப்பாங்க, நான் என்னன்னு சொல்றது?"

ரியாஸ் அவள் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினான். கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது. "மீதியத் திருப்பி ஏத்து. சரியா ஏத்து," என்று சொல்லி வைத்தான். பிறகு கதவைத் திறந்து, "ஐயாசாமி!" என்று கத்தினான்.

குடோன் அப்படியே நின்றது.

ஐயாசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி ரூமுக்குள் வந்தார். மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்காமல் சுவரோரமாக நின்றார்.

"வேணும்னே செஞ்சீங்க."

"ஆமாங்க தம்பி."

ரியாஸ் இதை எதிர்பார்க்கவில்லை. "என்ன?"

"நீங்க சொன்னத வேணும்னேதான் செஞ்சேன். மேலிருந்து கீழா. ஒண்ணு ரெண்டு மூணு. ஒரு உருப்படி மாறலீங்க. வேணும்னா எண்ணிப் பாருங்க."

"தப்புன்னு தெரிஞ்சும்?"

"தெரியறது தலைக்குங்க."

"பதினெட்டு வருஷம் எங்க உப்பத் தின்னுட்டு..."

"உப்பும் தின்னேன், மூட்டையும் தூக்குனேன். ரெண்டும் சரியாப் போச்சுங்க."

ரியாஸ் மேஜையைத் தட்டினான். "நீங்க நாளைக்குக் காய்ச்சல்ல படுத்தா இந்த ஆபீஸும் படுத்துக்கணுமா? ஒரு மனுசன் தலைக்குள்ள ஒரு கம்பெனி நடக்கலாமா? நேத்து வந்த ஆளும் தாளைப் பார்த்து ஏத்தற மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் இத்தனையும். எங்க அத்தா நடத்துன காலம் வேற."

கிருபா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவன் சொல்வதில் தப்பில்லை. அதுதான் கஷ்டம். அப்பா சொல்வதிலும் தப்பில்லை. இரண்டு நியாயங்களுக்கும் நடுவே அவிநாசி ரோட்டில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"தாள்ல இருக்கறத மாத்துங்க, இல்ல என்னைக் கேளுங்க," என்றார் ஐயாசாமி. "ரெண்டும் இல்லாம கைய மட்டும் கேட்டா, கை இப்படித்தாங்க ஏத்தும். இன்னிக்குப் பொழுதோட, சாயங்காலம் போற தாராபுரம் வண்டியவும் இப்படித்தான் ஏத்துவோம். சொல்லிப்போட்டேன்."

அவர் போன பிறகு ரியாஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். தணிந்த குரலில், "கிருபா, ஒரு மெமோ அடிங்க," என்றான்.

"யாருக்குங்க சார்?"

"ஐயாசாமிக்கு. வேண்டுமென்றே தவறாக லோடு ஏற்றிய காரணத்தால் நாளை முதல் வேலையிலிருந்து நீக்கம்."

கிருபா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், அவரு எங்கப்பா."

"தெரியும். எனக்கு மட்டும் இஷ்டமா?" அவன் அவளைப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை அவங்க வந்து, செவ்வாய்க்கிழமை என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. யாராவது ஒருத்தர் பேரு நான் சொல்லியாகணும். லோடு ஏத்துன ஆளு தப்பு, இல்லேன்னா தாள் போட்ட ஆளு தப்பு. தாள் போட்டது நீங்க. யோசிச்சுக்குங்க. ஆறு மணிக்குள்ள மேஜை மேல இருக்கணும்."

*

மூன்று மணி வரை கிருபா ஒரே ஒரு வார்த்தை அடித்தாள். ஐயாசாமி.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் அப்பாவின் பெயர். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னி, 'அப்புறம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தப் பெயரை முதன்முதலாக இயந்திரத்தில் அடிப்பது ஏதாவது நல்ல காரணத்துக்காக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். சம்பள உயர்வுப் பட்டியல், அல்லது அவள் கல்யாணப் பத்திரிகை. விரல் அடுத்த எழுத்துக்கு நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

குடோனில் சத்தம் கேட்டது. "ஒண்ணாம் நம்பர்!"

தாராபுரம் லைன். பல்லடம் ஒன்று, காங்கயம் இரண்டு, தாராபுரம் மூன்று.

பல்லடத்துச் சரக்கு என்ன என்று அவளுக்குத் தெரியும். காலையில் அவள்தான் பதிவு செய்தாள். கோழிப் பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்து, ஆறு தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஐஸ். ஏழு மணிக்குள் பல்லடத்தில் இறங்கியாக வேண்டும். பெட்டிகளை உள்ளே கேபினை ஒட்டி வைத்துவிட்டு, கதவுப் பக்கம் காங்கயத்து அரிசி மில் மோட்டாரை ஏற்றினால், இறக்க ராத்திரி ஆகிவிடும். ஐஸ் கரைந்தால் அது வெறும் தண்ணீர்.

அவள் அடித்த ஒரு வார்த்தையை அழித்தாள்.

தாள் வருகிற புரோகிராமை மெட்ராஸ்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 'இதுல கை வெக்காதேம்மா' என்றுதான் போனார். ஆனால் எங்கே வரிசைப்படுத்துகிறது என்று அவளுக்கு இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அங்கே ஒரு வார்த்தை சேர்த்தால் பட்டியல் கீழிருந்து மேலாக வரும். அந்த ஒரு வார்த்தைக்கு யாருடைய அனுமதியும் அவளிடம் இல்லை.

சேர்த்தாள்.

ரியாஸ் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். பிரிண்டர் கிர்கிர் என்று இரைந்து தாளைத் துப்பியது. தாராபுரம், காங்கயம், பல்லடம். ஓரத்துத் துளைப் பட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு அவள் குடோனுக்குள் நடந்தாள்.

"நிறுத்துங்க. ஏத்துன வரைக்கும் எறக்கிப்போட்டு, இந்தத் தாளைப் பாத்து ஏத்துங்க."

பதினான்கு பேரும் ஐயாசாமியைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

"தம்பி கையெழுத்து இருக்குதுங்களா மேடம்?"

"இல்ல. என்ர கையெழுத்து இருக்குது."

"உங்க கையெழுத்துக்கு நாங்க லோடு ஏத்தலாமா?"

"ஏத்தலாம். ஏத்துனா கேள்வி என்ர மேல வரும். அது உங்களுக்கு எதுக்கு?"

ஐயாசாமி பக்கத்தில் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காமல், "இப்ப நிறுத்துனா நான் தோத்துப்போனேன்னு ஆயிரும் கண்ணு," என்றார். நான்கு நாளுக்குப் பிறகு அவர் வாயில் கண்ணு.

"ரியாஸ் சார்கூட உங்களுக்குச் சண்டை இருக்கட்டுங்கப்பா. வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன். பல்லடத்துக் கோழிக்கும் உங்களுக்கும் என்ன சண்டை?"

யாரோ குபுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

"சென்னிமலையில தறிக்காரங்க பட்டினியா நூலுக்குக் காத்துட்டு இருந்தாங்களே, அவங்க உங்க சுவத்துக்கு வெள்ளையடிச்சாங்களா? அங்க ரோட்டுல ஓடுன சாயம் யாரு ஊத்துனது? சார் பாதி, நீங்க பாதி."

இதை அவள் சத்தமாகவே சொன்னாள். மகளை இத்தனை பேர் முன்னால் எதிர்த்துப் பேசவிட்டு நின்றதில்லை அவர். கையிலிருந்த கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க தலைய வெளிய விட்டுட்டு வேலைக்கு வாரீங்க," என்றாள் அவள். "நான் விட்டுட்டு வர மாட்டேன். என்னைய யாரு சொன்னாலும் விட்டுட்டு வர மாட்டேன். நீங்க சொன்னாலும்."

எதிர்க் கடை ரேடியோவில் விளம்பரம் ஓடி முடிந்தது. பிறகு ஐயாசாமி துண்டைத் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"எறக்குங்கடா," என்றார். "படிக்கறது திருமலைசாமி வேண்டாம். போட்டவங்களே படிக்கட்டும்."

அவள் படித்தாள். "மூணாம் நம்பர், தாராபுரம், பதினேழு மூட்டை!" ஆட்கள் ஓடினார்கள். அரை மணி நேரத்தில் செய்ததை இருபது நிமிஷத்தில் பிரித்து, மறுபடி அடுக்கினார்கள். நடுவில் ஒருமுறை ஐயாசாமி, "இந்த மோட்டாரை வலது பக்கம் தள்ளுங்க, வண்டி சாயும். அது உங்க தாள்ல இல்லீங்களே மேடம்," என்றார். "எழுதிக்கறேங்க," என்று அவள் தாளிலேயே எழுதிக்கொண்டாள். ஆறு தெர்மாகோல் பெட்டிகளும் கடைசியாக, கதவு ஓரமாக, குழந்தைகளைப் படுக்க வைப்பது போல வைக்கப்பட்டன.

கதவைச் சாத்தும்போது ரியாஸ் வந்துவிட்டான். தொப்பி இன்னும் தலையில்.

*

"யார் மாத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க சார். நானே மாத்துனேன்."

"புரோகிராமையா?"

"ஒரு வார்த்தை."

அவன் ஐயாசாமியைப் பார்த்தான். "நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"எனக்குங்களா? கம்ப்யூட்டரா?" ஐயாசாமி கையைத் தட்டிக்கொண்டார். "நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன். கேக்க மாட்டேங்குது. யாரு மாதிரின்னு தெரியலீங்க."

ரியாஸின் கோபத்துக்கு இறங்க இடம் கிடைக்கவில்லை. "கிருபா, உள்ள வாங்க. இனி அந்த மெமோ உங்க பேர்ல."

"சரிங்க சார். அடிக்கறேன்," என்றாள். "என் பேருக்குன்னா நானே அடிக்கறேன்."

இந்தத் தடவை விரல் தயங்கவில்லை. இங்கிலீஷில் நாலு வரி. பிரிண்டர் ஓய்ந்ததும் கிழித்து அவன் மேஜையில் வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே பதினான்கு முகங்கள்.

"எங்களுக்கும் வெளங்கற மாதிரி தமிழ்ல சொல்லு அம்மணி!" என்று வெளியிலிருந்து திருமலைசாமி கத்தினார்.

அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தமாகத் தமிழில் சொன்னாள்.

"ஈரோட்டு வண்டிக்குக் கொடுத்த தாள் தலைகீழாக இருந்தது. தாளில் உள்ளபடியே லோடு ஏற்ற வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. அதன்படியே ஏற்றப்பட்டது. தாராபுரம் வண்டிக்கு, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கிருபா, அனுமதி பெறாமல், சரியான வரிசையில் தாள் அச்சடித்துக் கொடுத்தார். இந்தக் குற்றத்துக்காக அவர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது."

ரியாஸ் மெமோவை எடுத்தான். ஒருமுறை படித்தான். இரண்டாம் முறை நிதானமாகப் படித்தான். கீழே 'நிர்வாகம்' என்று போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. கையெழுத்துப் போட்டால், தப்பு தாளிலும் உத்தரவிலும்தான், ஐயாசாமி மேல் இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

"இதுல 'சரியான வரிசை'ங்கறத எடுத்துடுங்க."

"எடுத்தா 'தப்பான வரிசை'ன்னு போடோணுங்க சார். தப்புன்னா, அந்த வண்டிய நிறுத்திருங்க."

தாராபுரம் வண்டி கேட்டுக்கு அருகே உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி ஆபீஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ரியாஸ் கையை உயர்த்தினால் போதும், அது கிளம்பாது.

ரியாஸ் கையை உயர்த்தவில்லை.

வண்டி திரும்பி, ரோட்டில் இறங்கி, பல்லடம் பக்கம் போனது.

"பேனா இருக்குதுங்களா சார்?" என்று கேட்டாள் கிருபா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான். அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவன், தன்னையறியாமல் எழுந்து நின்றான்.

"அத்தா... இல்லீங்கத்தா... சென்னிமலையிலருந்து உங்களுக்கே போன் பண்ணிட்டாங்களா?... இல்லத்தா, நான் சொல்லலாம்னுதான்..." வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தப் பக்கத்துக் குரல் கண்ணாடி ரூம் முழுக்கக் கரகரத்தது. வார்த்தைகள் மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் ரிசீவரை அவள் பக்கம் நீட்டினான்.

"உங்ககிட்டப் பேசணுமாம்."

"என்கிட்டயா?"

"தாள் போட்ட புள்ளையக் குடுன்னு சொல்றாரு."

யூனுஸ் பாய் அவளோடு இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டவா, வேலையை விட்டு அனுப்பவா, வேறு எதற்காவதா? கண்ணாடிக்கு வெளியே ஐயாசாமி கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டினார்: வாங்கு.

கிருபா ரிசீவரை வாங்கவில்லை. மேஜையில் கிடந்த மெமோவை ஒரு விரலால் ரியாஸ் பக்கம் நகர்த்தினாள்.

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார். அப்புறம் பேசறேன்."